சொல்கேளாப் பிள்ளையா, காயப்பட்ட பிள்ளையா?

"இவன் சொல்வழி கேக்கிறான் இல்லை, பாதர். பத்து வயசாகியும் பாயிலதான் மூத்திரம் பெய்யிறான்." "இவளுக்குப் பள்ளிக்கூடம் போற நேரத்தில மட்டும் வயித்துவலி வரும்." "வாத்தியார் படிப்பிக்கேக்க இவன் யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு இருக்கிறானாம்." கொட்டியாரக் குடாவின் தென்கரைக் கிராமங்களில் எந்த வீட்டு முற்றத்தில் போய் இருந்தாலும் இப்படியான முறைப்பாடு ஒன்று காதில் விழும். முறைப்பாட்டின் முடிவும் அநேகமாக ஒன்றுதான்: "நல்லா அடிச்சும் பாத்தாச்சு."

இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் அடம், சோம்பல், கள்ளம், பேய்க்குணம். உளமருத்துவம் இவற்றிற் பலவற்றுக்கு வேறு பெயர் சொல்லுகிறது. பெயர் மாறுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பெரியது. அடம் என்று எண்ணினால் கை தடியைத் தேடும். காயம் என்று அறிந்தால் கை மருந்தைத் தேடும்.

நாம் கடந்து வந்த பாதை

எமது மாவட்டத்தின் பிள்ளைகள் எவற்றினூடாக வளர்ந்தார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1984இல் தென்னமரவாடி மக்கள் வயலையும் வீட்டையும் விட்டு ஓடினார்கள். 1990இல் மாவட்டம் முழுவதிலும் ஊர்கள் கலைந்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் கரையேறியது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு யுத்தம் மீண்டும் முழுதாய் மூண்டது. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று தகரக் கொட்டில்களில் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015இலும் 2016இலும் கட்டங்கட்டமாகவே விடுபட்டன.

2006இல் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை, ஊர் திரும்பும்போது பத்து வயதைத் தொட்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஊர் என்பது பெரியவர்கள் சொன்ன கதை மாத்திரமே. 2006இல் பத்து வயதாய் இருந்தவர்களோ இன்று தாய்மார், தந்தைமார். ஆகவே நாம் பேசப்போவது இரண்டு தலைமுறையின் பிள்ளைப்பருவத்தைப் பற்றி. பிள்ளையைப் பற்றி வாசிக்கும்போது உங்களுடைய சொந்தப் பிள்ளைப்பருவமும் நினைவுக்கு வரக்கூடும். வந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

வைத்தியர்கள் கற்றுக்கொண்ட பாடம்

பிள்ளைகள் எதையும் விரைவில் மறந்துவிடுவார்கள் என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்களுள் அன்னா பிராய்ட், டொரத்தி பேர்லிங்ஹாம் என்ற இரு பெண்கள் முக்கியமானவர்கள். இரண்டாம் உலகயுத்தத்தில் இலண்டன் நகரில் குண்டு விழுந்தபோது, ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் பிள்ளைகளுக்கான பராமரிப்பு இல்லங்களை அவர்கள் நடத்தினார்கள். 1943இல் தாங்கள் கண்டவற்றை நூலாக வெளியிட்டார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் நிதானமான தாயின் அருகில் இருந்த குழந்தைகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. பாதுகாப்பான நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, தாயைப் பிரிந்த குழந்தைகளிற் பலர் அதிகம் வாடிப்போயினர்.

அடுத்த பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1976இல் கலிபோர்னியா மாநிலத்தின் சௌச்சில்லா என்ற ஊரில், ஒரு பாடசாலை பஸ்ஸில் வந்த 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைத்த வாகனமொன்றினுள் அடைக்கப்பட்டார்கள். எல்லாரும் உயிரோடு தப்பினார்கள். லெனோர் டெர் என்ற உளமருத்துவர் அப்பிள்ளைகளை ஆண்டுக் கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார். உடலில் காயமில்லாத அந்தப் பிள்ளைகளின் மனத்தில் காயம் இருந்தது. நடந்ததையே அவர்கள் திரும்பத் திரும்ப விளையாடினார்கள். ஆனால் அந்த விளையாட்டில் சந்தோஷம் இருக்கவில்லை. எமது முகாம்களில் பிள்ளைகள் "கிபிர் வருது, பங்கருக்க ஓடு" என்று விளையாடியதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாக இராது.

1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இந்தக் காயத்தைத் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்தது. தமிழில் இதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று சொல்லுகிறார்கள். எமது நாட்டில் இதைத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யுத்தத்தின் நடுவில் இருந்து நோயாளரைப் பார்த்த அவர், 1993இல் தமிழில் "மனவடு" என்ற நூலையும், 1998இல் வடுப்பட்ட மனங்கள் எனப் பொருள்படும் ஆங்கில நூலையும் வெளியிட்டார். தனி மனிதன் மாத்திரமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பது அவர் தொடர்ந்து வற்புறுத்தி வந்த கருத்து.

பரணை விட்டு இறங்காத காவல்காரன்

இந்தக் காயம் எப்படி வேலை செய்கிறது? வேளாண்மை முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரணில் இரவைக் கழிப்பது எமது விவசாயிகளுக்குத் தெரிந்த சங்கதி. சருகு அசைந்தாலே விழிப்பு வந்துவிடும். வெட்டு முடிந்து, சூடடித்து, நெல் வீடு வந்ததும் காவல்காரன் இறங்கி வந்து நிம்மதியாக நித்திரை கொள்வான்.

மனித மூளையிலும் இப்படி ஒரு காவல்காரன் உண்டு. அமிக்டலா என்று சொல்லப்படும், வாதுமைக் கொட்டை அளவான பகுதி அது. ஆபத்து வரும்போது இருதயத்தை வேகமாக அடிக்கச் செய்து, கைகால்களை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துவது அதன் வேலை. ஷெல் விழுந்த காலத்தில் பிள்ளையின் உயிரைக் காத்தது இந்தக் காவல்தான். ஆபத்து அளவுக்கு மிஞ்சிப் போனால், அல்லது நாளும் பொழுதும் தொடர்ந்தால், ஆபத்து நீங்கிய பின்பும் இந்தக் காவல்காரன் பரணை விட்டு இறங்க மாட்டான்.

அப்போது மூன்று விதமான அறிகுறிகள் தோன்றும். ஒன்று, பழையது திரும்பி வருவது: கெட்ட கனவு, திடீர்ப் பயம், அதே விளையாட்டு. இரண்டு, விலகிப் போவது: சில இடங்களுக்குப் போக மறுப்பது, பேச மறுப்பது, எதிலும் பற்றில்லாமல் இருப்பது. மூன்று, ஓயாத விழிப்பு: வெடிச் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, நித்திரை கெடுவது, சிறு விஷயத்துக்கும் சீறுவது. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை சிலவேளை சோம்பேறியாக இருக்கலாம். பரணில் இருந்து காவல் காப்பவனாகவும் இருக்கலாம். காவலில் இருப்பவனுக்குக் கணக்குப் பாடம் மண்டையில் ஏறாது.

வயதுக்கு வயது வேறு முகம்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தனது பயத்தைச் சொல்லில் சொல்லாது. பேசத் தொடங்கிய குழந்தை மீண்டும் மழலைக்குத் திரும்பும். பழக்கிய பின்பும் பாயில் சிறுநீர் கழிக்கும். தாயின் சேலைத் தலைப்பை விடாது.

பாடசாலை வயதில் பயம் உடம்பில் பேசும். தலையிடி, வயிற்றுவலி, மூச்சுமுட்டல் என்று வரும். முதலில் உடல் நோய் ஏதும் உண்டா என்று வைத்தியரிடம் காட்டவேண்டியது அவசியம். பூச்சி, சிறுநீர்த் தொற்று முதலியனவும் இப்படியே தொந்தரவு தரும். உடலில் நோயில்லை என்று வைத்தியர் சொன்னால், உடனே "அப்ப இது கள்ளம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி உண்மையானது. அதன் வேர் மாத்திரம் வேறிடத்தில் இருக்கிறது.

பதின்வயதில் கோபம், முரட்டுத்தனம், மதுபானம், தனித்திருத்தல், "இருந்தென்ன பயன்" என்ற பேச்சு ஆகியவை வரலாம். விவசாயக் குடும்பங்கள் இங்கே விசேடமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை உச்சத்தைத் தொட்டது. அவற்றிற் பெரும்பங்கு கிருமிநாசினியால் நேர்ந்தது. கொடிய கிருமிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் அந்தத் தொகை பெருமளவு குறைந்தது. கணநேரத் துயரத்தில் கைக்கு எட்டாமல் இருந்ததே பல உயிர்களைக் காத்தது. ஆகவே வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கூரையில் செருகி வைக்காமல், பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் யுத்தம்

இனி, இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஜேர்மன் உளவியலாளர் குளோடியா கட்டானியும் அவரது சக ஆய்வாளர்களும் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 82 பிள்ளைகள் யுத்த சம்பவம் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நூற்றுக்கு 30 பேருக்கு மனவடு நோயும், நூற்றுக்கு 20 பேரளவில் மனச்சோர்வு நோயும் காணப்பட்டன. இவை எதிர்பார்க்கக்கூடிய தொகைகள்தான்.

எதிர்பாராத தொகை வேறொன்று. வீட்டுக்குள் அடி, ஏச்சு, வன்முறை ஆகியவற்றில் ஒன்றையாவது அனுபவித்த பிள்ளைகள் நூற்றுக்கு 95க்கும் மேல். அதாவது யுத்தம் தொட்ட பிள்ளைகளைவிட வீட்டில் அடி தொட்ட பிள்ளைகளே அதிகம். யுத்தத்தை அதிகம் அனுபவித்த பிள்ளைகளும், தந்தை மதுபானம் பாவிக்கும் பிள்ளைகளும் வீட்டில் கூடுதலாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள்.

ஷெல்லையும் கடல் அலையையும் வீட்டில் விழும் அடியையும் நாம் வெவ்வேறு விஷயங்களாகப் பார்க்கிறோம். பிள்ளையின் மனம் அப்படிப் பிரித்துக் கணக்கு வைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கூட்டி எழுதிக்கொள்கிறது. கூட்டுத்தொகை ஏற ஏற நோயும் ஏறுகிறது என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. பாயில் சிறுநீர் கழித்த பிள்ளைக்கு விடியற்காலையில் விழும் பூவரசந்தடி அடி, பரணில் இருக்கும் காவல்காரனுக்கு ஒரே செய்தியைத்தான் சொல்லும்: "ஆபத்து இன்னும் போகவில்லை, இறங்காதே."

"எங்களை அடிச்சுத்தானே வளத்தவை, நாங்கள் என்ன கெட்டா போனோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்காலத்துப் பிள்ளைக்கு அடி விழுந்தாலும், ஓடிப்போய் ஒளிந்துகொள்ள அம்மம்மாவின் மடி இருந்தது. விளையாட வட்டையும் குளக்கட்டும் இருந்தன. இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அந்த மடியும் இல்லை, வட்டையும் இல்லை. தகரக் கொட்டிலின் ஒற்றை அறையில் அடிக்கும் கைக்கு அப்பால் ஒதுங்க இடமில்லை. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வியமைச்சு 2005இல் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வராது. அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

குற்றஞ்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாலையில் கசிப்புக் குடித்துவிட்டு வந்து பிள்ளைக்குக் கை நீட்டும் தந்தை, ஒரு காலத்தில் பங்கருக்குள் நடுங்கியிருந்த பிள்ளையாக இருக்கலாம். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர் அநேகர். அவருக்கும் வைத்தியம் உண்டு.

மருந்து எங்கே இருக்கிறது

இதே ஆய்வுப் பாதையில் நல்ல செய்தியும் வந்தது. யுத்தம் முடிந்த பின் வடக்கில் 7 முதல் 11 வயது வரையான 359 பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோர், பாதுகாவலரிடமும் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. தாய் தகப்பன் அன்போடு தம்மைக் கவனிக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடம், யுத்தமும் சுனாமியும் பயமாகவும் சோகமாகவும் உள்ளே தங்குவது குறைந்திருந்தது. அதாவது, இலண்டனில் 1943இல் கண்டதையே எமது மண்ணும் சொல்லியிருக்கிறது.

அந்தக் கவனிப்புக்குப் பணம் தேவையில்லை. ஒழுங்கு தேவை. சாப்பாடும் நித்திரையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். நாளை என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். இரவில் கனவு கண்டு அலறினால், "பயப்படாதே" என்று அதட்டாமல், விளக்கை ஏற்றி, தண்ணீர் கொடுத்து, "இது எங்கட வீடு, அம்மா பக்கத்தில இருக்கிறன்" என்று சொல்லுங்கள். நடந்ததைப் பற்றிப் பிள்ளை பேச வந்தால் வாயை அடைக்காதீர்கள். பேச விரும்பாவிட்டால் தோண்டாதீர்கள். பாயை நனைத்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள். ஊர்ச்சனத்துக்குச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

வேதாகமத்தில் எலியா இறைவாக்கினரின் கதை இதற்கு நல்ல பாடம். உயிருக்குத் தப்பி ஓடி, சாவே போதும் என்று செடியின் கீழ் விழுந்து கிடந்த அவருக்கு வானதூதர் முதலில் புத்தி சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் உறங்க விட்டார். பேச்சு அதன் பிறகுதான் வந்தது.

விளையாட்டும் மருந்துதான். மட்டக்களப்பில் யேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். கேள்வி கேட்டுக் குடையாமல், காயம் தன் வழியில் வெளிவர விட்ட இடம் அது. எமது கிராமத்தில் ஒரு மரநிழலும், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இரண்டு இளைஞரும் இருந்தால் இதிற் கொஞ்சமாவது செய்யலாம்.

இன்று எமது பகுதித் தாய்மார் பலர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார்கள். கடன் அப்படித் தள்ளுகிறது. போகத்தான் வேண்டுமென்றால், பிள்ளை நித்திரையாய் இருக்கும்போது களவாய்ப் போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று வீடு மாற்றாமல் ஒரே ஆளிடம் ஒப்படையுங்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் தொலைபேசியில் பேசுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது

காயப்பட்ட எல்லாப் பிள்ளையும் நோயாளி அல்ல. மேலே சொன்ன ஆய்விலேயே நூற்றுக்கு 70 பிள்ளைகளுக்கு மனவடு நோய் இருக்கவில்லை. அநேகர் குடும்பத்தின் அணைப்பிலேயே தேறிவிடுவார்கள். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, நித்திரை, படிப்பு, விளையாட்டு ஆகியவற்றைக் குழப்பினால் வைத்திய உதவி தேவை. சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்தினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

உளநல வைத்தியம் என்றதும் "அங்கொடைக்கு அனுப்பப் போறாங்களோ" என்று பயப்படும் காலம் இன்னும் எம்மைவிட்டு முழுதாய் நீங்கவில்லை. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, இந்தச் சேவையைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவருவதை நோக்கமாகக் கொண்டது. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய உளநல நிறுவகத்தோடு பேசலாம். பிள்ளை துன்புறுத்தப்படுவதை அறிந்தால் 1929க்கு அறிவிக்கலாம்.

கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ பிள்ளைக்காக மன்றாடுவதை எந்த வைத்தியரும் தடுக்கமாட்டார். நூல் கட்டுவதும் திருநீறு போடுவதும் பிள்ளைக்கு ஆறுதல் தந்தால் நல்லதே. பேய் விரட்டுவதாக அடிப்பதும், வலிப்புக்குக் கொடுத்த மருந்தை நிறுத்துவதும் பிள்ளைக்குத் தீங்கு.

வைத்தியம் பலன் தருமா? சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் மனவடு நோயுள்ள 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் தமது வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லி முடித்தார்கள். மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியில் நூற்றுக்கு 81 பேரும் மற்றதில் 71 பேரும் தேறியிருந்தார்கள். ஆனால் எல்லாத் திட்டமும் எல்லாருக்கும் பொருந்தாது. 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், சிலருக்கு நன்மை கிடைத்தது. பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளோ, திட்டத்தில் சேராதவர்களைவிடக் குறைவாகவே தணிந்தன. ஆகவே கிராமத்துக்கு ஒரு திட்டம் வந்தால், "இது எங்கட பிள்ளையளுக்குப் பொருந்துமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காணியும் மருந்துதான்

கடைசியாக ஒன்று. மனக்காயத்தை மனத்துக்குள் மாத்திரம் தேடிக்கொண்டிருக்க முடியாது. கூரை ஒழுகும் வீட்டில், உறுதியில்லாத காணியில், நிவாரணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தில் தாய் தகப்பனின் மனம் நிதானமாக இராது. அவர்கள் நிதானமாக இல்லாவிட்டால் பிள்ளையும் தேறாது. காணிக்காகவும் நீர்ப்பாசனத்துக்காகவும் நியாய விலைக்காகவும் நீங்கள் செய்யும் ஒவ்வொரு போராட்டமும் பிள்ளையின் உளநலத்துக்கான போராட்டமாகும். மனநலம் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு காணிப் பேச்சை யாரும் ஒதுக்கிவைக்க இடங்கொடாதீர்கள்.

காணி எப்போது முழுதாய் விடுபடும், வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்பதெல்லாம் எமது கையில் மாத்திரம் இல்லை. வீட்டில் இன்றிரவு தடி எடுப்பதா, விளக்கு எடுப்பதா என்பது எமது கையில் இருக்கிறது. ஊர் கூடும் அடுத்த கூட்டத்தில் விதைநெல்லையும் உரத்தையும் பற்றிப் பேசி முடித்த பின், பிள்ளைகளைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முறைப்பாடாக அல்ல, "இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வியாகப் பேசுங்கள்.